பென்சில் அக்காவின் மூடிய உறை

காதில் செருகிய பென்சிலை மேசையெங்கும் தேடிக்கொண்டே டீ குடிக்கிறார். டீ ஆறிவிட்டது என்பது பாதிக் குவளை முடிந்த பிறகுதான் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் பென்சில் அக்கா. பேனாவைத் தொடவே மாட்டார். "மாத்த வேண்டி வரும்ப்பா" என்பார்.

அவர் வேலை, இன்னும் கட்டாத தொட்டிக்குக் கணக்குப் போடுவது. நியூட்ரினோ என்ற துகள் யாரையும் சட்டை செய்யாது. மலையோ மனிதரோ, உள்ளே புகுந்து போய்க்கொண்டே இருக்கும். போகிற வழியில் வேறு வகையாக மாறியும் தொலைக்கும். அதைப் பூமிக்குள் அனுப்பி, ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய தொட்டியில் பிடித்து, எத்தனை மாறின என்று எண்ண வேண்டும். தொட்டிக்கு இன்னும் பள்ளமே தோண்டி முடியவில்லை. ஒன்பது வருடம் ஆகும்.

"பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடியே பேரு வைக்கிறீங்க" என்றேன் எதிர் மேசையிலிருந்து.

"பேரு மட்டுமா? எந்த வயசுல பல்லு விழும்ங்கிறது வரைக்கும் கணக்குப் போட்டாச்சு."

தொட்டி இயங்கப்போகும் முதல் நாளின் பணிப் பட்டியலை யாரோ விளையாட்டாகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அக்காவுடையது. அதுவும் பென்சிலில்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. விடை இருக்கும் கோப்பைத் திறக்குமுன், என்ன வந்தால் என்ன செய்வது என்று எழுதிவிட வேண்டும். பார்த்துவிட்டு எழுதினால் ஆசைப்பட்ட பக்கம் கணக்கு சாய்ந்துவிடுமாம். வீட்டிலும் இதே கூத்துதான். மகளின் பரீட்சை முடிவு வந்த அன்று, "பாஸா ஃபெயிலான்னாவது சொல்லும்மா" என்று அவள் அழுதபோதும் நிதானமாக எழுதி முடித்துவிட்டுத்தான் உறையைக் கிழித்தாராம். பாஸ்.

போன வாரம் அவர் மேசையில் மருத்துவமனை உறை ஒன்று கிடந்தது. மார்பில் இருந்த கட்டியைச் சோதித்த அறிக்கை. இரண்டு நாளாகியும் பிரிக்கவில்லை. கணவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், பிரிம்மா."

"இன்னும் எழுதி முடிக்கலைங்க."

அக்கா எழுதினார். நல்லபடியாக இருந்தால், திங்கட்கிழமை வேலைக்கு வருவது. இல்லாவிட்டால், சிகிச்சை, எழுந்து நடக்க முடிகிற திங்கட்கிழமைகளில் வேலைக்கு வருவது.

பிறகு உறையைக் கிழித்துப் படித்தார்.

"ரெண்டாவது வரிதாங்க" என்றார். கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர் கையைச் சற்று நேரம் பற்றியிருந்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"பேனா இருக்கா?"

கொடுத்தேன். சுவருக்குப் போய், பட்டியலில் இருந்த பென்சில் எழுத்தின் மேலேயே தன் பெயரை மையால் அழுத்தி எழுதினார்.