அண்ணன் வயிற்றில் கட்டிய காந்தம்

அந்த வீடியோவை அண்ணனுக்குக் காட்டியது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்களில் புற்றுநோய் மருந்தை ஏற்றி, வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டி அவற்றைப் புற்றுக்கட்டி இருக்கும் இடத்துக்கே ஓட்டிப்போவது எங்கள் ஆராய்ச்சி. மைக்ரோ ரோபோ என்று பேர். மைக்ராஸ்கோப்பின் கீழே அத்தனையும் ஒரே சமயத்தில் ஒரு பக்கம் திரும்பும்போது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு முதுகு சில்லிடும். உயிரில்லாதது சொன்ன பேச்சைக் கேட்பது நல்ல காட்சியில்லை.

அண்ணன் உத்திரமேரூரில் அரிசி மில்லில் மிஷின் ஓட்டுகிறவர். அவருக்கு ஈரலில் புற்றுநோய். முதல் தவணை மருந்து ஏற்றிக்கொண்டு வந்து துவண்டு கிடந்தவருக்குத் தெம்பாக இருக்கட்டுமே என்று போனில் அந்தத் துகள்களின் வீடியோவைக் காட்டினேன். "இன்னும் எலிக்குத்தாண்ணா குடுத்துப் பாக்கறாங்க. மனுசனுக்கு வர நாளாவும்" என்று சொல்லவும் செய்தேன். அவர் காதில் காந்தம் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

மில்லில் நெல் கொட்டும் தொட்டியின் வாயில் ஒரு காந்தக் கட்டை இருக்கும். நெல்லோடு வரும் ஆணி, கம்பித்துண்டு, உடைந்த அரிவாள் முனை எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். தினமும் அதைத் துடைப்பது அண்ணன்தான். டாக்டர் தப்பு செய்வார், காந்தம் செய்யாது என்பது அவர் கட்சி.

மூன்று வாரம் கழித்து, இரண்டாம் தவணைக்கு அழைத்துப்போக ஊருக்கு வந்தேன். இது தவறினால் கட்டி மறுபடி கிளம்பிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அண்ணி வாசலிலேயே நிறுத்தினார்.

"உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம் தம்பி. மில்லுலேர்ந்து பழைய காந்தத்த எடுத்தாந்து வவுத்துல கட்டிக்கினு கீறாரு. குளிக்கக்கூட அவுக்கறதில்ல."

அண்ணன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வலது விலாவுக்குக் கீழே துண்டால் இறுக்கிய கட்டை. சுற்றிலும் தோல் கன்றியிருந்தது.

"மருந்து இங்கதான் நிக்குது. அங்க போனா இத்த அவுக்கச் சொல்லுவாங்க. அவுத்தா எல்லாம் செதறிப்பூடும்" என்றார்.

"அது வேற மருந்துண்ணா. உனக்கு ஏத்தினதுல இரும்பே கெடையாது."

"நவுத்திப் பாரு. உனக்கே தெரியும்."

வீம்புக்குத்தான் துண்டைத் தளர்த்திக் கட்டையை நகர்த்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப தொப்புளாண்ட வருது. இப்ப மேல ஏறுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தோலில் படுவதை வைத்துச் சொல்கிறார், இதென்ன பெரிய வித்தை என்று எரிச்சல் வந்தது. கட்டையைச் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்ற அண்ணியிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையைத் தோலில் படாமல் வயிற்றுக்கு மேலாகக் கொண்டுபோனேன்.

"எடப்பக்கம் போவுது" என்றார். என் கை இடது பக்கம்தான் இருந்தது. "நின்னுடுச்சி" என்றார். நான் நிறுத்தியிருந்தேன்.

அண்ணி கட்டையோடு வெளியே போய்விட்டார். அண்ணன் கண்ணைத் திறந்து என் வெறுங்கையைப் பார்த்தார். இப்போதாவது புரியும் என்று நினைத்தேன்.

"கட்டையவிட உன் கை நல்லா இழுக்குதுடா" என்றார். "நீ புடிச்சிக்கினு வரதா இருந்தா வரேன்."

வந்தாரே, அது போதும். உத்திரமேரூரில் பஸ் ஏறியதிலிருந்து என் உள்ளங்கை அவர் வயிற்றின் மேலேயே இருந்தது. எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். செங்கல்பட்டு வருவதற்குள் கை மரத்துவிட்டது. விரலைக் கொஞ்சம் திருப்பினேன். அடியில் ஏதோ அந்தப் பக்கமாகத் திரும்பியது. மூச்சுதான், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மறுபடி திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து பாட்டிலோடு வந்த நர்ஸ், "கைய எடுங்க சார்" என்றார்.

அண்ணன் அமைதியாகப் படுத்திருந்தார். "எடுத்துடுடா, பரவால்ல" என்றார்.

என்னால் எடுக்க முடியவில்லை.