ஆடும் தீ

காஸ் அடுப்பு உஸ்ஸென்று பற்றும் சத்தம் கேட்டாலே அவர் நினைவு வந்துவிடுகிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், எரிகிற அடுப்பின் மேல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். நரைத்த தாடி, வெயில் சுட்ட கழுத்து. டீயை ஒரு வாய் குடிப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“உச்சி வெயில்ல குளிர் காயுதியளா பாய்?” என்று டீ மாஸ்டர் சிரித்தார்.

“வெயில்ல தீ கண்ணுக்குத் தெரியாதுல்லா, அதான் கைய வச்சுப் பாக்கேன்,” என்றார் அவர், என்னிடம்.

வளைகுடாவில் எண்ணெய் ஆலை. உயரமான புகைபோக்கியின் உச்சியில் ஒரு சிறு தீ எப்போதும் எரிய வேண்டும். கழிவு வாயுவைப் பற்றவைப்பது அதுதான். அணைந்தால் அந்த விஷ வாயு கீழே இறங்கிவிடும். வெப்பத்தை வெள்ளையாகக் காட்டும் கேமராவில் அந்தத் தீயைக் கண்காணிப்பது இவர் வேலை. லீவில் வந்திருக்கிறார். மகனோ அங்கே, அந்தப் புகைபோக்கிக்குக் கீழே வேலை செய்கிறான்.

“என் சீட்டுல புது ஆளு அண்ணாச்சி. தீ அணைஞ்சாலும், இரும்பு ஆறுற வர கேமராவுல வெள்ளையாத்தான் தெரியும். ஏமாந்துருவான்.”

கடையநல்லூர் பஸ் வந்தது. அந்தப் புது ஆளுடன் போனில் பேசியபடியே படியேறினார். “வெள்ளையா இருக்குன்னு சொல்லாதலே. ஆடுதான்னு பாரு. தீன்னா ஆடும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பேச்சக் காணோம் அண்ணாச்சி. பாக்கான் போல.”