சோற்றுப் பசையில் ஒட்டிய ஊர்

அந்த ஊரை அண்ணன் மூன்று தடவை கிழித்தான். ஜெர்மனியில் மலையடியில் இருக்கும் சின்னப் பழைய நகரம். சாயம் பூசிய வீடுகள், மணிக்கூண்டு, பின்னால் பனிமலை. பதுளையில் ஜெர்மன் வகுப்பு நடத்திய டீச்சர் கொடுத்த காலண்டர் தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலையோடு தாதிப் படிப்பு எனக்குக் கிடைக்கவிருந்தது. கிழித்த ஒவ்வொரு தடவையும் சோற்றைப் பிசைந்து ஒட்டி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைச் சுவரில் மறுபடி மாட்டினேன். எனக்கும் கொழுப்புதான்.

அவன் கோபத்துக்குக் காரணமே இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டில் ஒருவராவது காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போனால்தான் லயத்து அறை எங்களுக்கு. அம்மா முட்டி தேய்ந்து வேலையை விட்டு நின்றுவிட்டாள். அண்ணன் டவுனில் ஆட்டோ ஓட்டினான். மிச்சம் நான்தான், கொழுந்து பறித்தேன். நான் போனால் அறையும் போய்விடும் என்று பயந்தான். அதை வாயால் சொல்லியிருக்கலாம், பாவி. என் இடுப்பில் உதைத்து உதைத்துச் சொன்னான்.

கொழும்பில் ஜெர்மன் பேச்சுப் பரீட்சை, அதில் பாஸானால்தான் பயணம். அதற்கு முதல் நாள் காலை, பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்பு ஊதும் இரும்புக் குழலால் என் வாயில் அடித்தான். இரண்டு பல் கையோடு வந்தது.

"இப்ப பேசுடி ஜெர்மன."

கூரை இடுக்கில் கவ்வாத்துக் கத்தி செருகியிருந்தது, தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி. உருவி ஒரு வீச்சு வீசினேன். அவன் தோளில் இறங்கியது. மணிக்கூண்டு வரைக்கும் இரத்தம் தெறித்தது. மறுபடி ஓங்கினேன். அது கழுத்துக்குத்தான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அம்மா நடுவில் விழுந்து, கத்தியின் அலகை வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அப்படியே உட்கார்ந்து அழுதான். அம்மா அழவில்லை.

"நீ போ. கை ஆறுனதும் நான் பெரட்டுக்குப் போறேன்."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கைதவறிப் பட்டது என்றார்கள். நான் வீங்கிய வாயோடு கொழும்புக்குப் போய்ப் பேசினேன், பாஸானேன்.

இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறேன். வீடுகள் படத்தில் இருந்த மாதிரியேதான். தினம் காலையில், அம்மா வயசுக்காரி ஒருத்திக்குக் காலுறை மாட்டி, முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன். ரொம்ப நல்ல பிள்ளை என்று என் கன்னத்தைத் தடவுவாள். என்னை நானே அறையலாம் போல இருக்கும். அந்த நேரம் அம்மா, மடங்காத இரண்டு விரலோடு, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள்.