முதலிடத்தை எடைபோட்டவர்

எல்விக் நகராட்சியின் குப்பைக் கிடங்கில், தகரக் கொட்டகைக்குள் ஒரு நீள மேஜை உண்டு. வசந்தத்தில் ஒரு வாரம், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், சீவ் லிண்ட்மார்க் அதன் முன்னால் நிற்பார். நூறு வீடுகளின் குப்பைப் பைகளை ஒன்றாகக் கொட்டி, கையுறை போட்ட கையால் பிரிப்பார். உருளைக்கிழங்குத் தோலுக்கு ஒரு தொட்டி, டயப்பருக்கு ஒன்று, உறை பிரிக்காமலே வீசப்பட்ட ரொட்டிக்குத் தனியாக ஒன்று. ஊர் எதை எவ்வளவு வீசுகிறது என்று தெரிய, ஒவ்வொன்றையும் எடைபோட்டுத் தாளில் எழுதுவார். பத்தொன்பது வருடம் இந்த வேலையைச் செய்தார். அதில் எட்டு வருடம் நான் மேஜையின் எதிர்ப்பக்கம் நின்றேன்.

அதற்கு முன் அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவர். குப்பையைப் பார்த்து யாரையும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை முழுப் பிறந்தநாள் கேக் ஒன்று, மெழுகுவத்திகூட ஏற்றாமல், பையிலிருந்து வந்தது. நான் உச்சுக்கொட்டினேன்.

"அன்னிக்கு அவங்க வீட்டுல என்ன ஆச்சோ. விடு, எடையைப் பாரு" என்றார்.

எங்கள் மாகாணத்தில் முப்பத்தோரு ஊர்கள். தலைக்கு எத்தனை கிலோ பிரிக்காத குப்பை என்று வருடாவருடம் ஒரு பட்டியல் வரும்; குறைவாகப் போடும் ஊர் மேலே. எல்விக் எப்போதும் நடுவில் எங்காவது கிடக்கும். ஒரு வருடம் திடீரென்று முதலிடத்துக்கு வந்துவிட்டது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹோல்மா கடைசி. நகராட்சியில் ஒரே கொண்டாட்டம். நூலக வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். ஹோல்மாக்காரர் யாராவது கடைத்தெருவில் தென்பட்டால், "கையைத் துடைச்சுட்டு உள்ள வாங்க" என்று எங்கள் ஆட்கள் கிண்டலடித்தார்கள்.

சீவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுகாதாரப் பிரிவின் தலைவர் ரூனெ ஃபால்க்கிடம் போனார்.

"என் மேஜை அப்படிச் சொல்லலையே, ரூனெ. வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு நாலு கிலோ வருது. பட்டியலை வீட்டுக்கணக்கா மாத்திப் பார்த்தா மூணுகூட இல்ல."

"உன் மேஜையில நூறு வீடு. பட்டியல்ல ஊரே இருக்கு. மேஜைதான் தப்பு."

"இருக்கலாம். பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுவாரம் முழுக்கக் குப்பை லாரிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர் சுற்றினார். வியாழக்கிழமை ஷெல் என்பவரின் லாரி. துறைமுகத்தருகே புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் குப்பையை ஏற்றிக்கொண்டு, ஷெல் எங்கள் எடைமேடைப் பக்கம் திரும்பாமல் நேரே வளைகுடாப் பாலத்தில் ஏறினார்.

"எங்கய்யா போற?"

"ஹோல்மாவுக்கு. அங்க எரிச்சு வெந்நீர் எடுக்கறாங்கல்ல, அந்த ஆலைக்கு. பாலம் வந்ததுலேருந்து எனக்கு அதுதான் பக்கம்."

"எடை எங்க போடறாங்க?"

"அங்கயேதான்."

"எந்த ஊர்க் கணக்குல?"

ஷெல் கொஞ்சம் யோசித்தார். "ஹோல்மாலதான் எழுதறாங்க. யாரும் என்னைக் கேக்கலையே, சீவ்."

ஆயிரத்து நூறு வீடுகளின் குப்பை ஹோல்மாவின் தலையில் ஏறியிருந்தது. சீவ் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்விக் பதினான்காவது. ஹோல்மா இருபதாவது.

சீவ் அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியதும் ரூனெ கதவைச் சாத்தினார். "நமக்குள்ள இருக்கட்டும். அடுத்த வருஷம் சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் நம்ம குப்பைக்கு அவங்க திட்டு வாங்கணுமா?"

மாகாண அலுவலகத்துக்கான கடிதத்தை ரூனெயே எழுதினார். அவர் பெயருக்குக் கீழே சீவும் கையெழுத்துப் போட்டார்.

பதாகை இறங்கியது. ஊருக்குக் கோபம். ரொட்டிக்கடை வரிசையில் ஒருவர், "பதினாலாம் நம்பர் வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்றார். சீவ் சிரித்துச் சமாளித்தார். ஆனாலும் உறைத்திருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் ஏலக்காய் பன் பொட்டலம். ஹோல்மாவில் இதே வேலையைச் செய்யும் இங்கெயெர்ட்.

"நீதானே சீவ்? மூணு மாசமா பேப்பரைத் தொறந்தா நாங்க சோம்பேறிங்க. மேஜையையே மூடிடலாம்னு எங்க ஆபீஸ்ல பேச்சு வந்துருச்சு. உன்னை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு தோணிச்சு."

"பார்த்தாச்சுல்ல. கையுறை அந்த ஆணியில தொங்குது. போட்டுக்க" என்றார் சீவ்.

அன்று மாலைவரை இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. தேயிலைப் பையைச் சீவ் உணவில் போட்டார், இங்கெயெர்ட் காகிதத்தில் போட்டார்.

"அது காகிதம்தானே?"

"உள்ள இருக்கறது என்ன, செய்தித்தாளா?"

ஊருக்கு ஊர் தொட்டி வேறாக இருந்தால் ஒப்பிட்டு என்ன பயன்? இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த முறை இவர் மேஜையில் அவர், அவர் மேஜையில் இவர்; எதை எங்கே போடுவது என்பதற்கு ஒரே தாள். மாகாண அலுவலகத்துக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது. சீவை மற்ற ஊர்களுக்கும் போய்ச் சொல்லித்தரச் சொன்னார்கள்.

அதற்குள் பாட்டுக்குழுவிலிருந்து தேடிவந்துவிட்டார்கள். கீழ்க்குரலில் பாட வேறு ஆள் இல்லையாம். துறைமுகத்து வீடுகளுக்கு உணவுக்கழிவுத் தொட்டி வந்தது. அடுத்த பட்டியலில் எல்விக் ஒன்பதாவது. பதாகை கட்டவில்லை. ரூனெ மட்டும் கொட்டகைக்கு வந்து, "ஒன்பது" என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் திரும்பிப் போனார்.

அதுவரை மாகாணத்தைவிட்டு வெளியே போகாதவர் சீவ். மாகாணத்துக்குள்ளும் நான்கைந்து ஊர்தான் பார்த்திருந்தார். அறுபது வயதுக்குமேல் மிச்ச ஊர்களுக்கெல்லாம் ரயிலில் போய்வந்தார். விடுதிகளில் காலைச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தார். எனக்குத் தபால் அட்டை எழுதுவார். கடைசியாக வந்ததில் இப்படி இருந்தது: "நல்ல மழை. இந்த ஊர் மீன் ஊறுகாய் பிரமாதம். மேஜை கொஞ்சம் உயரம் கம்மி, மத்தபடி ஆளுங்க நல்லவங்க. திங்கட்கிழமை வர்றேன்."