ஐந்தாம் நாள் அழைப்பு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்க வருகிறவர்களைப் பழக்குவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் டீச்சர். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் அவளே நெஞ்சுவலிக்காரி ஆவாள், குடிகாரன் ஆவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதியவர்கள் வியர்த்து வழிவார்கள். "டீச்சர் இருமினா எங்களுக்குக் காய்ச்சல் வருது" என்று சிரிப்பார்கள்.

ஐந்தாம் நாள் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அன்று மூச்சு வாங்கிப் பேசும் ஒரு பெண் குரல். "பள்ளிக்கூடத் தெரு... மூணாவது மாடி... சீக்கிரம்." கணினித் திரை பெரிய தெருவைக் காட்டும், வண்டியும் அங்கேதான் போகும். ஊர்க்கோடியில் அதே பெயரில் ஒரு சந்து இருப்பது தெரிய வருவதற்குள் குரல் தேய்ந்து அடங்கிவிடும்.

அது இட்டுக்கட்டியது இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் போனை எடுத்தவள் அவள்தான். விதிப்படிதான் எல்லாம் நடந்தது என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டு பயிற்சிப் பிரிவுக்கு வந்தாள். அந்த வீடு காலியானதும், வாடகைக்குப் பார்க்க வந்தவள்போல் உள்ளே போய் ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் குரல் வீடு வரைக்கும் வந்தது. ஒருநாள் குளியலறையிலிருந்து புருஷன் துண்டு கேட்டான். "இதோ... வர்றேன்" என்றாள். அவன் சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்றான்.

"யாரு பேசினது?"

"நான்தான்."

"உன் குரல் இல்லையே அது."

பதினேழு குழுக்கள் வந்து போயின. எல்லோரும் அதே இடத்தில்தான் சறுக்கினார்கள். 'யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்' என்று ஒவ்வொரு முறையும் தனக்குள் சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் அந்த ஐந்தாம் நாளே என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

பதினெட்டாவது குழுவில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். பத்து வருஷம் வீடு வீடாகப் பார்சல் கொடுத்தவர். டைப் அடிப்பதில் ஆமை.

"பள்ளிக்கூடத் தெரு... மூணாவது மாடி."

"சரிம்மா. ஜன்னல் வழியா பார்த்தா என்ன தெரியுது?"

யாரும் கேட்காத கேள்வி. ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் வழக்கம்போல் முடிந்துவிடும். அவள் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.

"தண்ணித் தொட்டி" என்றது குரல். "பாதிக்குத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு."

"அப்ப அந்தச் சந்துதான். வண்டி கிளம்பிடுச்சு. நான் லைன்லயே இருக்கேன், பேசுங்க."

என்ன பேசுவது? அந்தப் பெண் இவ்வளவு தூரம் உயிரோடு வந்ததே இல்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. பார்சல்காரர் நடிப்பென்றே நினைத்து, வண்டி வந்து சேரும் வரை நான்கு நிமிஷமும் தேற்றிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு வந்து அத்தனை பேர் முன்னாலும் நின்றாள். "இது நிஜமா நடந்தது. போனை எடுத்தது நான். அந்தம்மா இறந்துட்டாங்க."

பார்சல்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "அந்த ரெண்டு தெருவுலயும் பார்சலை மாத்திக் கொடுத்து நான் திட்டு வாங்கியிருக்கேன் டீச்சர். அதான் கேட்டேன்" என்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, அந்தக் கேள்வியைத் திரையில் ஏற்ற வைத்தாள். இரண்டு தெருக்களும் இப்போது சேர்ந்தே தெரிகின்றன.

அடுத்த குழுவில் எல்லோரும் தவறாமல் அதைக் கேட்டார்கள். வண்டி ஒவ்வொரு முறையும் சரியாகப் போனது. கடைசியாக உட்கார்ந்த பெண், "வண்டி வந்தாச்சும்மா" என்று சொல்லி முடித்தாள். அவ்வளவுதான், போனை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"அன்னைக்கு ஏன் வரல?" என்றது குரல்.

டீச்சர் அதைச் சொல்ல நினைக்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பதில் தேடித் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். டீச்சர் மைக்கை அணைத்தாள்.

அந்த வாரமே பழைய மேஜைக்கு மாற்றல் கேட்டாள். கிடைத்தது. இப்போது நிஜமான போன்களை எடுக்கிறாள். வண்டியை அனுப்பியதும் வைத்துவிடலாம் என்பது விதி. அவள் வைப்பதில்லை, அந்தப் பக்கம் கதவு தட்டப்படும் சத்தம் காதில் விழும் வரை காத்திருக்கிறாள்.