அழுவாச்சி பரேடு

நைனாவின் இரும்புப் பெட்டியைத் திறந்ததும் முதலில் எழுவது கடுகெண்ணெய் வாசனை. திருவொற்றியூரில், கருவாடும் கடற்காற்றும் தொழிற்சாலைப் புகையும் ஏற்கெனவே கலந்து கிடந்த எங்கள் ஒற்றை அறைக்குள், வடக்கே எங்கோ பனியில் கிடந்துவிட்டு வந்த அந்தக் கம்பளிகளின் வாசனை நுழைந்துவிட்டால், அடுத்த இரண்டு மாதம் நாங்கள் அப்பா உள்ள பிள்ளைகள். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவருக்கு வருஷத்துக்கு அவ்வளவுதான் லீவு. அந்த வாசனை தேய்ந்து கருவாடு மறுபடி மேலே வரும்போது, அவர் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த வீட்டிலும் இப்படி ஒன்றை இந்த வயது வரை நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா திலகம், நான், தம்பி பாபு மூவரையும் உயர வரிசைப்படி தரையில் உட்கார வைத்து, நைனா எதிரே உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "இப்ப அழுவலாம்" என்பார். அரை மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், சத்தம் போடலாம், மூக்குச் சிந்தலாம். முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டால் ஆளுக்கொரு தேங்காய் பன். மறுநாள் சென்ட்ரலில் ரயில் நகரும்போது ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா இதற்கு "அழுவாச்சி பரேடு" என்று பெயர் வைத்திருந்தார்.

உத்தரவு போட்டால் யாருக்கு அழுகை வரும்? சிரிப்புதான் வரும். ஜன்னலில் வேடிக்கை பார்க்க வந்த ரோசம்மா அக்காதான் பெரும்பாலும் முதலில் தொடங்குவார், "புள்ளிங்கள இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்றே" என்று நைனாவைத் திட்டிக்கொண்டே. அவரைப் பார்த்து அக்கா, அக்காவைப் பார்த்து பாபு. எனக்கு மட்டும் வராது. நான் அக்காவின் விம்மல்களை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கொண்டே இருந்தால் தொண்டைக்கு ஏறியது அப்படியே இறங்கிவிடும். ஒரு தடவை என் உதடு அசைவதை நைனா பார்த்துவிட்டார்.

"எண்ணாதடா, அழு" என்றார். "அடக்கி வெச்சிக்கினு போனா அது எங்க, எப்ப வெளிய வரும்னு தெரியாது. நான் பாத்துகீறேன்."

அவர் பார்த்ததை அம்மாவிடம் சொன்னபோது நாங்களும் கேட்டிருக்கிறோம். மாடு மாதிரி வலுவான ஒரு டிரைவர், வீட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவர், மலைச்சாலையின் நடுவில் லாரியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளை எடுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். மற்றவர்கள்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்களாம். போர்வீரனின் மனசைப் பற்றிப் பின்னாளில் சில புத்தகங்கள் படித்தேன். உடம்பை இறுக்கப் பட்டாளம் கற்றுக்கொடுத்தது, மனசைத் தளர்த்தும் வழியை நைனா தானே கண்டுபிடித்துக்கொண்டார் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த வழி எங்களுக்கு மட்டும்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவோ மாவாட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுவாள்.

ஒரு வருஷம் பெட்டியின் வாசனை போவதற்குள்ளேயே தந்தி வந்துவிட்டது. எல்லையில் சண்டை மூளும் என்று டீக்கடை ரேடியோ இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே ரயில். பரேடுக்கு நேரமில்லை. அவர் திரும்பி வருவாரா என்பதைத் தவிர எங்கள் யார் மனசிலும் வேறொன்றும் இல்லை. ஐந்து பேரும் பஸ்ஸின் கடைசி நீள சீட்டில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இன்று பரேடு கிடையாது, எல்லாரும் கம்மென்று வர வேண்டும் என்றார் நைனா.

அம்மா கையை நீட்டினாள். "வாட்ச்ச இப்டி குடுங்க. அங்க உங்க மேஜர் சொல்றது, இங்க நான் சொல்றது. நீங்களும் அழுவுங்க."

சொல்லிவிட்டு அவளே தொடங்கினாள். அதுவரை அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராயபுரம் தாண்டுவதற்குள் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. நான் வெளியே தெரிந்த சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். பதினேழோ பதினெட்டோ, அந்த இடத்தில் எண் கைநழுவிப் போயிற்று. பிறகு எதையும் எண்ண முடியவில்லை.

திடீரென்று விசில் சத்தம் கேட்டு பஸ் நின்றது. கண்டக்டர் எங்களிடம் வந்து, தாழ்ந்த குரலில், "யம்மா, மூலக்கொத்தளம் வந்துடுச்சி. பொறுமையா எறங்குங்க" என்றார். ஒரு குடும்பமே அழுதுகொண்டு அந்தத் தடத்தில் வந்தால் மூலக்கொத்தளம் சுடுகாட்டைத் தவிர வேறெங்கே போவார்கள்? முன் சீட்டில் இருந்தவர்கள் வழிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்கள்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க சென்ட்ரலுக்குப் போறோங்க. இவுரு பட்டாளத்துக்குப் போறாரு. யாரும் சாவல. சாவக்கூடாதுன்னுதான் அழுவுறோம்."

கண்டக்டர் எழுந்து நின்றவர்களை உட்காரச் சொன்னார். பிறகு முன்பக்கம் பார்த்து, "அண்ணே, வண்டிய எடு. மெதுவா போ. அவங்களுக்கு இன்னும் முடியல" என்றார். பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள், நைனாவும் கண்ணீரோடு சிரித்துவிட்டார். அன்று சென்ட்ரலில் எங்கள் ஐந்து பேர் கண்ணும் காய்ந்திருந்தது.

அவர் திரும்பி வந்தார், ஒரு காது கேட்காமல். அடுத்த லீவு முடியும்போது உயர வரிசையில் முதல் ஆளாக அவரே வந்து உட்கார்ந்தார். எதிரே அம்மா உட்கார்ந்து நேரம் பார்த்தாள்.

இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலுக்கு எத்தனை ஸ்டேஷன் என்று எனக்கு மனப்பாடம். கண்டக்டர் இல்லை, அழுகிறவர்களிடம் எங்கே இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நைனாவும் அம்மாவும் போய்ப் பல வருஷமாகிறது. அக்காவும் போய்விட்டாள். பாபு மகள் வீட்டோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். போன மாதம் என் மகன் வெளிநாட்டுக்குக் கிளம்பினான். தினமும் வீடியோவில் பார்க்கப் போகிறோம், எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டான். நான் அவன் பைகளை மூன்று தடவை எண்ணிச் சரிபார்த்தேன். பிறகு ஹாலில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"மூட்டு வலின்னு சொல்லிட்டு இன்னாத்துக்குக் கீழ குந்திக்கினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி வந்தாள். அவள் கை கொடுத்துத் தூக்கிவிடும்போதுதான் கவனித்தேன், பரேடில் போலவே நடுவில், இரண்டு பக்கமும் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.