அழிந்துபோன நாற்பத்தொரு பாட்டுகள்

இன்னும் கோபம் அடங்கவில்லை.

இந்த ஆகஸ்ட் முழுவதும் புளத்கொகுபிட்டிய டவுன் நெட் கபேயில் உட்கார்ந்து இண்டி ராக் என்கிற இங்கிலீஷ் பாட்டுகளாகத் தேடிச் சேர்த்தேன். சின்னச் சின்னக் குழுக்கள் தங்கள் வீட்டிலேயே பதிவு செய்தவை. பாதி எனக்குப் புதியவை. மீதி, கெம்பஸ் ஹொஸ்டலில் அறைத்தோழியின் கசெட்டில் கேட்டு, பெயர் தெரியாமல் தொலைத்து, இப்போதுதான் கண்டுபிடித்தவை. நாற்பத்தொரு பாட்டுகளும் என் போனின் மெமரி கார்டில் மட்டும்தான் இருந்தன.

இன்று டவுன் சீடிக் கடையில் கார்டைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு சீடியில் அடித்துத் தரச் சொல்லிவிட்டு மரக்கறி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கடைக்காரர் பெருமையாகச் சிரித்தார்.

"தங்கச்சி, உங்க கார்டுல வைரஸ். எல்லாப் பாட்டும் கரகரன்னு கெட்டுப்போய் கெடந்திச்சு. ஒண்ணுல நாய் வேற கொரைக்குது! எல்லாத்தையும் அழிச்சிட்டு நல்ல குத்துப்பாட்டா எரநூறு போட்டிருக்கேன்."

"அண்ணே, அது அப்படித்தான். இங்கிலீஷ் பாட்டு."

"தோட்டத்துல யாரு புள்ள அதையெல்லாம் கேக்குறது? லயத்து ஆளுங்க எல்லாருக்கும் இதத்தான் போட்டுக் குடுக்குறேன்."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி அதற்கு என்ன பதில் சொன்னாள் தெரியுமா?

"சரிங்கண்ணே."

பஸ்ஸில் வரும்போது யோசித்த பதில்கள் எல்லாம் பிரமாதம். கேட்கத்தான் அவர் அங்கே இல்லை.

நடுவில் நாய் குரைக்கும் அந்தப் பாட்டு உங்களில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கரகரவென்று கேட்டால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அது கிட்டார்.